வெட்டி எடுத்தாத்தான் சிகிச்சையா? காப்புறுதி கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்ல கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி, அதாவது கடுமையான நோய் வந்தா மொத்தமா ஒரு தொகை கொடுக்கிற பாலிசி, விக்கிற எல்லா காப்புறுதி கம்பெனிகளுக்கும், அந்த பாலிசியில எந்த நோய்க்கு பணம் உண்டு எதுக்கு இல்லன்னு வரையறை எழுதுற குழுவுல இருக்கிறவங்களுக்கும்,

என் இடது காது நரம்புல வந்த கட்டிக்கு நான் ரேடியோசர்ஜரி, அதாவது மண்டையை திறக்காம கதிர்வீச்சால கட்டி வளராம நிறுத்துற சிகிச்சை, எடுத்துக்கிட்டேன். அதுக்கு நான் போட்ட க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டிருக்கு. வந்த லெட்டர் ரெண்டே பாரா. முதல் பாராவுல எனக்கு கட்டி இருக்குன்னு ஒத்துக்கிறாங்க, மண்டையோட்டுக்குள்ள நரம்புல வந்த தீங்கற்ற கட்டிதான், எம்ஆர்ஐ ரிப்போர்ட் சரியா இருக்கு, நியூரோசர்ஜன் கையெழுத்தும் இருக்குன்னு எல்லாத்தையும் ஒத்துக்கிறாங்க. ரெண்டாவது பாராவுல, கட்டி அறுவை சிகிச்சை செஞ்சு அகற்றப்படல, அறுவை சிகிச்சை செய்யவே முடியாத கட்டியும் இது இல்ல, அதனால பாலிசியோட கண்டிஷன் பூர்த்தியாகலன்னு முடிச்சிட்டாங்க.

எந்த கம்பெனின்னு நான் இங்க எழுதப் போறதில்ல. ஏன்னா இந்த கண்டிஷன் அவங்க மட்டும் தனியா எழுதிக்கிட்டது இல்ல. கடுமையான நிலைன்னு சொல்ற 37 நோய்க்கும் சிங்கப்பூர்ல எல்லா கம்பெனிக்கும் பொதுவா ஒரே வரையறைதான்னு எனக்கு க்ளெய்ம் பண்ணப்போதான் தெரிய வந்துச்சு. அப்ப நான் வேற கம்பெனியில பாலிசி எடுத்திருந்தாலும் இதே காலத்து வரையறையா இருந்தா இதே லெட்டர்தான் வேற தலைப்புத்தாள்ல வந்திருக்கும். அதனாலதான் உங்க எல்லாருக்கும் சேர்த்து எழுதுறேன்.

நான் ஒரு பாலர் பள்ளியில தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். நாலு வயசு அஞ்சு வயசு பிள்ளைங்க. இந்த வேலைக்கு காதுதான் முதல் தேவை, பிள்ளை 'ழ'வை எப்படி சொல்லுதுன்னு கேட்டாத்தானே திருத்த முடியும். முதல்ல போன்லதான் தெரிஞ்சுது, இடது காதுல வச்சா எதிர்ல பேசுறவங்க குரல் தகரத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி, சத்தம் கேக்குது ஆனா என்ன சொல்றாங்கன்னு பிடிபடல. அப்புறம் வகுப்புல யாரோ "டீச்சர்"ன்னு கூப்பிடுவாங்க, எந்தப் பக்கத்துல இருந்துன்னு தெரியாம நான் முழு ரூமையும் சுத்திப் பார்ப்பேன், பிள்ளைங்க அதை ஒரு விளையாட்டுன்னு நெனச்சு சிரிப்பாங்க. சத்தம் எங்க இருந்து வருதுன்னு மூளை கண்டுபிடிக்கிறதே ரெண்டு காதுக்கும் வர்ற வித்தியாசத்தை வச்சுத்தான், ஒரு காது போனா அந்த திசையே போயிடுது. ராத்திரியெல்லாம் காதுக்குள்ள ஒரு இரைச்சல். எம்ஆர்டி படியில இறங்குறப்போ கைப்பிடியை விட பயம்.

பாலிகிளினிக்ல இருந்து ரஃபரல் வாங்கி காது டாக்டர்கிட்ட போனேன். கேட்புத்திறன் டெஸ்ட்ல ரெண்டு காதுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இருந்ததும் அவர் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லிட்டார். அதுல தெரிஞ்சதுதான் இந்த கட்டி. டாக்டருங்க வெஸ்டிபுலர் ஷ்வான்னோமான்னு சொல்றாங்க, பழைய பேரு அகூஸ்டிக் நியூரோமா. காதுல இருந்து மூளைக்கு போற எட்டாவது நரம்புல, பேலன்ஸ் பார்க்கிற கிளையைச் சுத்தி உறை மாதிரி இருக்கிற ஷ்வான் செல்கள்ல இருந்து கிளம்புறது. கேன்சர் இல்ல, வேற எங்கயும் பரவாது. ஆனா இடம் மோசமான இடம். கேக்கிற நரம்பும் முகத்தை அசைக்கிற ஏழாவது நரம்பும் எலும்புக்குள்ள ஒரு சென்டிமீட்டர் நீளமான சின்ன குழாய் வழியா ஒண்ணா போகுது, அந்தக் குழாய்க்குள்ள முளைச்சு வெளிய வந்து மூளைத்தண்டு பக்கமா வளருது. தீங்கற்ற கட்டின்னு ரிப்போர்ட்ல படிக்கிறப்போ வர்ற நிம்மதி, அது எங்க உக்காந்திருக்குன்னு டாக்டர் படத்துல காட்டுறப்போ போயிடுது.

உடனே எதுவும் பண்ண வேணாம், ஆறு மாசம் கழிச்சு திரும்ப ஸ்கேன் எடுப்போம்னாங்க. இது சரியான முறைதான், இந்த கட்டிங்க நிறைய பேருக்கு வளராமலே கிடக்கும், வளர்ந்தாலும் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான். என்னோடது 17 மில்லிமீட்டர்ல இருந்து 21க்கு போச்சு. அப்பதான் நியூரோசர்ஜன், கதிர்வீச்சு டாக்டர், காது டாக்டர் மூணு பேரும் கூடிப் பேசி, எனக்கு ரேடியோசர்ஜரிதான் சரியா வரும்னு எழுதிக்கொடுத்தாங்க. நான் ஆசைப்பட்டு கேட்டு வாங்கின சிகிச்சை இல்ல இது. அந்த பரிந்துரை லெட்டரும் உங்க ஃபைல்ல இருக்கு.

ரேடியோசர்ஜரின்னா என்னன்னு உங்க க்ளெய்ம் பிரிவுல போன் எடுத்தவங்களுக்கே சரியா தெரியல. "அது ரேடியேஷன்தானே மேடம், சர்ஜரி இல்லையே"ன்னாங்க, மரியாதையாத்தான் சொன்னாங்க, அவங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா பணம் உண்டா இல்லையான்னு முடிவு பண்ற இடத்துல இருக்கிற நீங்க தெரிஞ்சுக்கணும்.

இந்த சொல்லையே 1951ல உண்டாக்கினது ஒரு மூளை அறுவை நிபுணர்தான், சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் லெக்செல். மண்டையை திறக்காம உள்ள இருக்கிற ஒரு சின்ன இடத்தை மட்டும் எப்படி தாக்கலாம்னு யோசிச்சு, 1968ல ஸ்டாக்ஹோம்ல முதல் காமா நைஃப் மெஷினை வேலைக்கு கொண்டு வந்தார். அடுத்த வருஷமே காது நரம்பு கட்டிக்கு அதை பயன்படுத்திட்டாங்க. அதாவது 1969. சிங்கப்பூர் சுதந்திரம் வாங்கி நாலே வருஷம் ஆன காலம் அது. அரை நூற்றாண்டுக்கு மேல ஆயிடுச்சு, இதை இன்னும் சோதனை நிலையில இருக்கிற சிகிச்சைன்னு யாரும் சொல்ல முடியாது.

இன்னிக்கு இருக்கிற காமா நைஃப்ல 192 கோபால்ட் கதிர்கள் வெவ்வேறு பக்கத்துல இருந்து வந்து ஒரே புள்ளியில சேருது. ஒவ்வொரு கதிரும் தனியா ரொம்ப பலவீனம், வர்ற வழியில இருக்கிற மூளையை பெருசா ஒண்ணும் பண்ணாது, எல்லாம் சேர்ற இடத்துல மட்டும் கட்டியோட செல்கள் இனிமே பெருகாத அளவுக்கு டோஸ் விழும். ஆரம்ப காலத்துல டோஸ் அதிகமா கொடுத்து முக நரம்பு பாதிக்கப்பட்டவங்க இருந்தாங்க, அப்புறம் படிப்படியா குறைச்சு இப்ப கட்டியோட விளிம்புல 12, 13 கிரே (கதிர்வீச்சு டோஸை அளக்கிற அலகு) அளவுல நிக்குது. இந்த டோஸ்ல முக நரம்பு பாதிக்கிறது ரொம்ப அபூர்வம். பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தாலும் 100 பேர்ல 90 பேருக்கு மேல கட்டி கட்டுக்குள்ள இருக்கு. சைபர்நைஃப்னு ரோபோ கை வச்ச மெஷின்லயும், லினாக்னு சொல்ற கதிர்வீச்சு மெஷின்லயும் இதே வேலையை செய்யலாம், ஒரே தடவையாவோ மூணு அஞ்சு தடவையா பிரிச்சோ.

அன்னிக்கு காலையில என் நெத்தியில ரெண்டு இடத்துலயும் பின்மண்டையில ரெண்டு இடத்துலயும் மரத்துப்போற ஊசி போட்டு, தலையைச் சுத்தி ஒரு உலோக ஃப்ரேமை வச்சு நாலு ஸ்க்ரூ முடுக்கினாங்க. ஊசி எரிஞ்சுது. ஸ்க்ரூ முடுக்குறப்போ வலி இல்ல ஆனா மண்டையை யாரோ நாலு பக்கமும் பிடிச்சு நசுக்குற அழுத்தம், கண்ணுல தண்ணி வந்துடுச்சு, நர்ஸ் ஒரு மலாய் அக்கா என் கையை பிடிச்சுக்கிட்டே நின்னாங்க. அந்த ஃப்ரேமோட ஸ்கேன். அப்புறம் டாக்டருங்களும் மெடிக்கல் ஃபிசிசிஸ்ட்டும் கம்ப்யூட்டர்ல திட்டம் போடுற வரைக்கும் தலையை சாய்க்கவும் முடியாம ஃப்ரேமோட உக்காந்திருந்தேன், தண்ணிய ஸ்ட்ரா வச்சு குடிச்சேன். நியூரோசர்ஜன்தான் கட்டியோட எல்லையை ஒவ்வொரு படத்துலயும் கோடு போட்டு, உள்காது பக்கம் டோஸ் எவ்வளவு போகலாம்னு பார்த்துப் பார்த்து முடிவு பண்ணார். மூளை அறுவை பண்ற அதே டாக்டர், மில்லிமீட்டர் கணக்கு பார்த்து செஞ்ச வேலை. கத்தி மட்டும்தான் இல்ல.

இதுக்கு பதிலா உங்க வரையறை எதிர்பார்க்கிற சிகிச்சை என்னன்னும் சொல்லிடுறேன். காதுக்குப் பின்னால மண்டையோட்டை திறந்து பல மணி நேரம் நடக்கிற ஆபரேஷன். உள்காது வழியா போற முறைன்னா அந்தக் காதுல மிச்சம் இருக்கிற கேட்கும் திறனும் அங்கயே முடிஞ்சிடும். மூளையைச் சுத்தி இருக்கிற திரவம் கசியலாம், தொற்று வரலாம், முகம் ஒரு பக்கம் இழுத்துக்கலாம், கட்டி பெருசாக பெருசாக இந்த ஆபத்தும் கூடும். ஐசியூ, வார்டு, வீட்டுல வாரக்கணக்கா ஓய்வு. ஆபரேஷனை குறை சொல்றதுக்காக இதை எழுதல. மூணு சென்டிமீட்டருக்கு மேல போய் மூளைத்தண்டை நசுக்குற கட்டிக்கு ஆபரேஷன்தான் உயிரைக் காப்பாத்துது, அதைப் பண்ற டாக்டருங்களை கையெடுத்து கும்பிடணும். ஆனா என்ன மாதிரி சின்ன, நடுத்தர அளவு கட்டி உள்ளவங்களுக்கு, ரேடியோசர்ஜரி போதும்னு டாக்டர் குழுவே சொல்றப்போ, நீங்க மட்டும் கத்தி வச்சாத்தான் நோயாளின்னு ஒத்துக்குவோம்னு நிக்கிறீங்க.

உங்க வரையறைக்கு ரெண்டு வாசல் இருக்கு. ஒண்ணு, அறுவை சிகிச்சையில அகற்றியிருக்கணும். ரேடியோசர்ஜரியில கட்டியை யாரும் அகற்றுறதே இல்ல, அது அதே இடத்துல செயலிழந்து கிடக்கும், சிலருக்கு மெதுவா சுருங்கும், முதல் வருஷத்துல கொஞ்சம் வீங்கக்கூட செய்யும். அடுத்த ஸ்கேன்ல கட்டி அதே அளவுல இருந்தா டாக்டர் சந்தோஷப்படுவார், அதுதான் இந்த சிகிச்சையோட வெற்றி. அதனால ரேடியோசர்ஜரி எவ்வளவு நல்லா வேலை செஞ்சாலும் இந்த வாசல் திறக்காது. ரெண்டாவது வாசல், அறுவை செய்ய முடியாத கட்டியா இருந்து நிரந்தர நரம்பு பாதிப்பு இருக்கணும். நிரந்தர பாதிப்பு எனக்கு இருக்கு, இடது காதுல பேச்சு புரியாது, கேட்புத்திறன் ரிப்போர்ட்டே சொல்லுது. ஆனா கட்டி ஆபரேஷன் பண்ணக்கூடிய கட்டி. பண்ண முடியும், ஆனா இவங்களுக்கு பண்ண வேணாம்னு டாக்டருங்க சொல்ற நிலைமைக்கு உங்க வரையறையில இடமே இல்ல. நான் அந்த நடுவுலதான் நிக்கிறேன், இந்த கட்டி வந்த எத்தனையோ பேரும் அங்கதான் நிக்கிறாங்க.

சரி காது போனதுக்காவது ஏதாவது உண்டான்னு கேட்டேன். காது கேளாமைன்னு தனியா ஒரு நோய் அந்த 37ல இருக்கு, ஆனா அதுக்கு ரெண்டு காதும், எல்லா அலைவரிசையிலயும் 80 டெசிபலுக்கு குறையாம போயிருக்கணும். ஒரு காதுக்கு ஒண்ணும் கிடையாது. காது நரம்பு கட்டி கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரு பக்கம்தான் வரும், என்எஃப்2ங்கிற மரபணு நோய் இருக்கிறவங்களுக்குத்தான் ரெண்டு பக்கமும் வருது.

ஹாஸ்பிட்டல் பில்லுக்கு இன்னொரு பாலிசி இருக்கே, அது கொடுத்திருக்குமேன்னு கேக்கலாம். கொடுத்துச்சு. இங்க இன்னொண்ணும் கவனிங்க, நம்ம மெடிஷீல்ட் லைஃப் பட்டியல்ல ரேடியோசர்ஜரிக்குன்னு தனி வரி போட்டு வரம்பு கொடுத்திருக்காங்க. நாட்டோட அடிப்படை காப்புறுதியே பேர் சொல்லி ஒத்துக்கிற சிகிச்சையை உங்க வரையறை மட்டும் இல்லாத மாதிரி நடத்துது. ஆனா கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசியை நான் ஹாஸ்பிட்டல் பில்லுக்காக எடுக்கல. என் மூத்தவன் பிறந்த வருஷம் எடுத்தது. வேலைக்கு போக முடியாத மாசத்துல வீட்டுக்கடனும் பிள்ளைங்க செலவும் நிக்கக்கூடாதுன்னு சொல்லித்தான் உங்க ஏஜெண்ட் எங்க வீட்டு சாப்பாட்டு மேசையில உக்காந்து வித்தார். ஏன்னு கேக்காம மொத்தமா ஒரு தொகை வரும்க்கான்னார். அந்த நம்பிக்கையில பிரீமியத்தை ஒரு தடவை கூட தவறவிடாம கட்டினேன், வீட்டுக்காரருக்கு வேலை போன காலத்துலயும் வேற எதையாவது குறைச்சுக்கிட்டு கட்டினேன்.

இப்ப எனக்கு ஆகுற செலவெல்லாம் பில்லுக்குள்ள வராத செலவு. தலைசுத்தல்ல சம்பளமில்லா லீவு எடுத்தேன். திரும்ப போனப்போ முழு நேர வகுப்பு சத்தத்தை தாங்க முடியாம பாதி நேரத்துக்கு மாறிட்டேன், சம்பளமும் பாதி. கேக்காத காதுப் பக்கம் வர்ற சத்தத்தை கேக்கிற காதுக்கு அனுப்புற கிராஸ்னு ஒரு கருவி இருக்கு, அது மலிவான சாமான் இல்ல. பேலன்ஸுக்கு பிசியோ. இனி பல வருஷத்துக்கு ஸ்கேன். ரேடியோசர்ஜரிக்கு அப்புறமும் கேட்கும் திறன் வருஷம் போகப்போக குறையலாம்னு டாக்டர் மறைக்காம சொல்லிட்டார். ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களுக்கு வர்ற கஷ்டம் எனக்கும் இருக்கு, ஆனா அவங்க க்ளெய்ம் பாஸாகும், என்னோடது ஆகாது.

இதை நான் எனக்காக மட்டும் எழுதியிருந்தா உங்க கம்பெனிக்கு ஒரு அப்பீல் லெட்டரோட நிறுத்தியிருப்பேன். எழுத வச்சது வேற ஒருத்தங்க. ஃபாலோ-அப் க்ளினிக்ல என் பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பொண்ணு, என்னை விட பத்து வயசு சின்னவங்களா இருக்கும், அதே கட்டி, என்னோடதை விட சின்னது. ரெண்டு பிள்ளைங்களை தனியா வளர்க்கிறவங்க. பேசிக்கிட்டு இருக்கிறப்போ குரலை தாழ்த்தி கேட்டாங்க, "அக்கா, டாக்டர் ரேடியோசர்ஜரி போதும்னு சொல்றார், ஆனா ஆபரேஷன் பண்ணிக்கிட்டா இன்சூரன்ஸ் பணம் முழுசா வரும்னு ஏஜெண்ட் சொல்றார், நான் ஆபரேஷனே பண்ணிக்கவா?" எனக்கு உடம்பு ஆடிப்போச்சு. கடன் இருக்கு, பிள்ளைங்க படிப்பு இருக்கு, அந்தப் பணம் கையில வந்தா ரெண்டு மூணு வருஷம் மூச்சு விடலாம்னு அவங்க கணக்கு போடுறாங்க. அந்தக் கணக்குல தப்பு எதுவும் இல்ல. பணம் வேணும்னா தேவையில்லாத ஒரு மண்டை ஆபரேஷனுக்கு படுக்கணும்னு ஒரு தாயை யோசிக்க வச்சது நீங்க எழுதி வச்சிருக்கிற அந்த ஒரு வரி. டாக்டர்கிட்ட எல்லாத்தையும் மனசு விட்டு பேசும்மான்னு மட்டும்தான் என்னால சொல்ல முடிஞ்சுது. அவங்க என்ன முடிவு பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது, அந்த நெனப்பு இன்னும் என்னை விடல.

நீங்க என்ன பதில் சொல்வீங்கன்னு எனக்கு ஓரளவு தெரியும். இப்பல்லாம் தலைவலின்னு ஸ்கேன் எடுத்தாலே சின்னச்சின்ன கட்டி கண்ணுல படுது, எல்லாருக்கும் முழுத்தொகை கொடுத்தா பிரீமியம் ஏறிடும், இந்த பாலிசி கடுமையான நோய்க்குத்தான், அதனால கடுமையை அளக்க ஆபரேஷன் ஒரு அளவுகோல்னு சொல்வீங்க. இதுல நியாயமே இல்லன்னு நான் சொல்லமாட்டேன். ஸ்கேன்ல தற்செயலா தெரிஞ்சு, வளராம, எந்த தொந்தரவும் இல்லாம கிடக்கிற கட்டிக்கு முழுப்பணம் கொடுங்கன்னு நான் கேக்கல. சிகிச்சை இல்லாம ஸ்கேன்ல மட்டும் கண்காணிக்கிறவங்களை வேற மாதிரி பாருங்க, அதுல எனக்கு சண்டை இல்ல. ஆனா கடுமையை அளக்கணும்னா அளக்க வேற வழி இருக்கே. கட்டி வளர்ந்திருக்குன்னு தேதி போட்ட ரெண்டு ஸ்கேன் காட்டும். நரம்பு பாதிப்பை கேட்புத்திறன் டெஸ்ட்டும் பேலன்ஸ் டெஸ்ட்டும் காட்டும். சிகிச்சை தேவைன்னு நிபுணர் குழு கையெழுத்து போடும். இவ்வளவும் இருந்தா அது கடுமை இல்லையா, தையல் போட்ட தழும்பு இருந்தாத்தான் கடுமையா?

ரேடியோசர்ஜரின்னா லேசான கேஸ்னு நெனச்சா அதுவும் சரியில்ல. நார்வேயில புதுசா கண்டுபிடிச்ச சின்ன, நடுத்தர கட்டி உள்ள 100 பேரை ரெண்டு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு உடனே ரேடியோசர்ஜரி, இன்னொரு குழுவுக்கு காத்திருந்து ஸ்கேன்னு நாலு வருஷம் கவனிச்சாங்க, 2023ல முடிவு வெளியாச்சு. சிகிச்சை எடுத்தவங்க கட்டி சராசரியா கன அளவுல 13 சதவீதம் சுருங்கியிருந்துச்சு, காத்திருந்தவங்களுக்கு 51 சதவீதம் கூடியிருந்துச்சு. கேட்கும் திறன்ல ரெண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, அதையும் நேர்மையா சொல்லணும், இந்த நோய் எந்த வழியில போனாலும் காதை விட்டு வைக்கிறது கஷ்டம். ஆனா வளர்ற கட்டியை நிறுத்துறது அந்த சிகிச்சைதான், அடுத்து மூளைத்தண்டை நசுக்கப் போறதை முன்னாடியே தடுக்கிறதும் அதுதான். கட்டி பெருசாகுற வரைக்கும் காத்திருந்து அப்புறம் ஆபரேஷனுக்கு போயிருந்தா உங்களுக்கு முழுத்தொகை செலவாகியிருக்கும். சீக்கிரமா, சரியான சிகிச்சை எடுத்தவங்களை இப்படி வெறுங்கையோட அனுப்புறது உங்களுக்கே நல்லதில்ல.

காப்புறுதி கம்பெனியோட வர்ற தகராறை தீர்த்து வைக்கிற ஃபிட்ரெக் மையத்துக்கு போகலாமேன்னு சிலர் சொன்னாங்க. போவேன். ஆனா அங்கயும் பாலிசியில எழுதியிருக்கிற வரியை வச்சுத்தானே பேச முடியும், வரியே தப்பா இருக்கிறப்போ அதை எழுதினவங்ககிட்டதான் முதல்ல கேக்கணும். 2014லயும் 2019லயும் இந்த வரையறைகளை உக்காந்து திருத்தியிருக்கீங்க, மருத்துவம் மாறுறப்போ வரையறையும் மாறணும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. அதனால என்னோட கோரிக்கையை நேரா வைக்கிறேன்.

மூளைக்குள்ள வர்ற தீங்கற்ற கட்டிக்கான வரையறையில, அறுவை சிகிச்சை மூலம் அகற்றினதுக்கு சமமா ரேடியோசர்ஜரியையும், பல தடவையா பிரிச்சு கொடுக்கிற அதே வகை கதிர்வீச்சையும் சேருங்க. கட்டி வளர்ந்ததுக்கோ நிரந்தர நரம்பு பாதிப்புக்கோ ஆதாரம் கேளுங்க, நிபுணர் குழுவோட பரிந்துரை கேளுங்க, அதுல எனக்கு ஆட்சேபனை இல்ல. முழுத்தொகை முடியாதுன்னு நீங்க நெனச்சா ஒரு பகுதியாவது உறுதியா கொடுக்கிற மாதிரி எழுதுங்க, பூஜ்யம் வேணாம்.

அறுவை செய்ய முடியாத கட்டிங்கிற இடத்துல, மருத்துவக் காரணத்தால அறுவை வேணாம்னு நிபுணர்கள் எழுத்துல சொன்ன கட்டியையும் சேருங்க. இது என்னோட நோய்க்கு மட்டும் இல்ல, வயசானவங்க, இதயம் பலவீனமா இருக்கிறவங்கன்னு எத்தனையோ பேருக்கு பொருந்தும்.

புது வரையறை புது பாலிசிக்குத்தான்னு சொல்லி பழைய ஆளுங்களை விட்டுடாதீங்க. ரேடியோசர்ஜரி எடுத்த ஒரே காரணத்துக்காக நிராகரிச்ச க்ளெய்ம்களை ஒவ்வொரு கம்பெனியும் திரும்ப எடுத்துப் பாருங்க, சட்டப்படி கடமை இல்லன்னாலும் கருணைத்தொகையாவது கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கு. என் ஃபைலையும் அதுல சேர்த்து திறக்கணும்னு வெளிப்படையாவே கேக்கிறேன்.

வரையறை மாறுற வரைக்கும், இந்த கட்டிக்கு கத்தி வச்சாத்தான் பணம்ங்கிற விஷயத்தை பாலிசி விக்கிறப்போவே ஏஜெண்ட் வாயால சொல்லணும், தமிழ் பேசுற குடும்பத்துக்கு தமிழ்லயே எழுதிக் கொடுக்கணும். சிகிச்சையை பத்தி, இதைப் பண்ணினா பணம் வரும் அதைப் பண்ணினா வராதுன்னு எந்த ஏஜெண்ட்டும் நோயாளிக்கு யோசனை சொல்லக்கூடாதுன்னு எழுத்துல உத்தரவு போடுங்க.

அடுத்த தடவை வரையறையை திருத்த உக்காருறப்போ, ரேடியோசர்ஜரி செய்யிற டாக்டர் ஒருத்தரையும் அதை எடுத்துக்கிட்ட நோயாளி ஒருத்தரையும் அந்த மேசைக்கு கூப்பிடுங்க. வேற யாரும் வரலன்னா நான் வர்றேன். எனக்கு வலது பக்கம் உக்காந்து பேசினா போதும்.

இந்த மடலுக்கு, எதை ஏத்துக்கிறீங்க எதை ஏத்துக்கலன்னு காரணத்தோட, எழுத்துல, இன்னும் ரெண்டு மாசத்துக்குள்ள எல்லாருக்கும் தெரியுற மாதிரி பதில் கொடுங்க.

இப்படிக்கு,
ஈசூன்ல இருந்து ஒரு பாலர் பள்ளி தமிழாசிரியை